அரசு விமர்சகனாகும்போது: பயங்கரவாதத் தடைச் சட்டமும் இலக்கிய வாசிப்பும்

இலக்கிய விமர்சனத்திற்கும் சட்டத்திற்கும் இடையிலான தொடர்பு எமது தமிழ்த்துறைகளிற் போதிய கவனத்தைப் பெற்ற ஒன்றன்று. தணிக்கை பற்றிப் பேசியுள்ளோம். தடைசெய்யப்பட்ட நூல்கள் பற்றியும் அவ்வப்போது எழுதியுள்ளோம். ஆயின், ஓர் எழுத்தாளனைச் சிறையிலிடுவதற்கு முன்னர் அரசு அவனது எழுத்தை வாசிக்கின்றது. அவ்வாசிப்புக்கு ஒரு முறையியல் உண்டு. அம்முறையியல் ஏனைய விமர்சன முறையியல்களைப் போன்றே ஆய்வுக்குட்படுத்தப்பட வேண்டியது. இவ்வுண்மை இன்னமும் உரியவாறு உணரப்படவில்லை. நூலை வாசிக்காமலே கைதுசெய்தனர் என்று கூறி நகைப்பது எளிது. பல சந்தர்ப்பங்களில் அவர்கள் வாசித்தேயிருக்கின்றனர். எவ்வாறு வாசித்தனர் என்பதே கேள்வி.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒரு பனுவலாகக் கொண்டு நோக்குவோம். மூன்றாண்டுகளுக்கெனத் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது. அதன் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் தொடர் பின்னரும் நீங்காதிருந்தமை, சட்டவாக்க மொழியில் அங்கதம் எவ்வாறு தன்னையறியாமலே பிறக்கும் என்பதற்கு நல்ல உதாரணமாகும். இச்சட்டத்தின் 2ஆம் பிரிவு குற்றங்களை வரிசைப்படுத்துகின்றது. கொலை, கடத்தல், ஆயுதங்கள் என்று செல்லும் அவ்வரிசையில் எட்டாவதாக வரும் பந்தி சொற்களைப் பற்றியது. பேசப்படும் சொற்களாலோ, வாசிக்கப்படும் எண்ணத்துடனான சொற்களாலோ, சைகைகளாலோ, கண்ணுக்குப் புலனாகும் உருக்களாலோ, அன்றி வேறெவ்வகையிலுமோ வன்செயலை, அல்லது மத, இன, சமூக ஒற்றுமையின்மையை, அல்லது சமூகங்களுக்கிடையே கெட்டெண்ணத்தையும் பகைமையையும் விளைவித்தல் குற்றமாகும். விளைவிக்க எண்ணுதலும் குற்றமாகும்.

இறுதியிற் கூறியதே எமது ஆய்வுக்கு முக்கியமானது. விளைவு நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை, எண்ணம் போதுமானது. அவ்வெண்ணத்தை எங்கே தேடுவது? பனுவலிலேதான் தேடவேண்டும். எனவே சட்டத்தை நடைமுறைப்படுத்தும் உத்தியோகத்தர், விரும்பியோ விரும்பாமலோ, ஆசிரியனின் நோக்கத்தைப் பனுவலிலிருந்து வருவிக்கும் விமர்சகராகிவிடுகின்றார். ஆசிரியனின் நோக்கத்தைக் கொண்டு படைப்பை அளப்பது தகாது என மேலைத்தேய விமர்சகர் 1940களிலிருந்தே வாதிட்டு வந்துள்ளனர். அவ்வாதம் எமக்கு முழுவதும் உடன்பாடானதன்று; சமூக நோக்கத்தைப் புறக்கணிக்கும் விமர்சனம் வெறும் உருவவாதமாகவே முடியும். எனினும் நோக்கத்தைத் தேடும் விமர்சகனுக்குச் சில ஒழுக்கங்கள் உள்ளன. சட்டம் அவற்றுள் ஒன்றையேனும் ஏற்கவில்லை.

இவ்வொழுக்கங்களை அறிவதற்கு நாம் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய முப்பத்துநான்கு உறுப்புக்களைக் கூறுகின்றது. அவற்றுட் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்பன அடங்கும். சொல்பவர் யார், யாரிடம், எங்கே, எப்பொழுது, எப்பயன் கருதி, எதனைச் சொல்லாது விட்டு என்னும் வினாக்களுக்கு விடை காணாமற் செய்யுளின் பொருளைத் துணியலாகாது என்பதே இதன் உட்பொருள். அகப்பாட்டிற் பேசுபவர் புலவரல்லர். தலைவியோ, தோழியோ, செவிலியோ, பரத்தையோ பேசுகின்றனர். பரத்தை கூற்றாகப் பாடிய புலவரின் ஒழுக்கத்தை அப்பாடலைக் கொண்டு எவரும் ஐயுற்றதில்லை. பேசுபவரும் இயற்றியவரும் வேறு என்னும் இவ்வடிப்படையை ஈராயிரம் ஆண்டளவாக அறிந்த மொழியிலே எழுதப்பட்ட கவிதைகளே எமது காலத்திற் பொலிஸ் கோவைகளுட் சென்று, கூற்றும் கேட்போரும் களனும் காலமும் களையப்பட்டு, வெறும் வாக்குமூலங்களாக வெளிவந்தன.

வாக்குமூலம் என்னும் சொல்லை இங்கு உவமையாக மட்டும் கையாளவில்லை. இச்சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படலாம். நாட்டின் பொதுவான சான்றியற் சட்டம் பொலிஸாரிடம் அளிக்கப்படும் ஒப்புதலை ஏற்பதில்லை. தடுப்புக்காவலில் உள்ள உடலிலிருந்து ஒப்புதலைப் பெறுவதும், பனுவலிலிருந்து எண்ணத்தைப் பெறுவதும் இச்சட்டத்தில் ஒரே தர்க்கத்தின் இரு பக்கங்களாகும். இரண்டிலும் முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. வாசிப்பு அதற்குப் பின்னர் நிகழ்கின்றது.

மூன்று வழக்குகளை எடுத்துக்கொள்வோம். ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சிற் கைதானார். 'நோர்த் ஈஸ்டர்ன் மன்த்லி' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் 2006இல் வெளிவந்த கட்டுரைப் பகுதிகள் குற்றச்சாட்டின் மையமாயின. 2009 ஆகஸ்டிற் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு மொத்தமாக 20 ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. பின்னர் 2010இற் பிணையும் அதனைத் தொடர்ந்து பொதுமன்னிப்பும் வழங்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, 'அர்த' என்னும் சிறுகதையை முகநூலில் வெளியிட்டமைக்காக 2019 ஏப்ரலிற் கைதுசெய்யப்பட்டார். இங்கே கையாளப்பட்டது 2007ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனைச் சட்டமாகும். உரிமைகளைப் பாதுகாப்பதற்கெனப் பெயரளவில் இயற்றப்பட்ட சட்டம், பௌத்த துறவிகள் சிலரின் முறைப்பாட்டின் பேரில் ஒரு சிறுகதை ஆசிரியரை நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் வைப்பதற்குப் பயன்பட்டது. கதைமாந்தர் பேசுவதும் நினைப்பதும் ஆசிரியரின் தாக்குதலாகக் கொள்ளப்பட்டன. 2021 பெப்ரவரியிலேயே அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

மூன்றாவது, மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீமின் வழக்கு. தமிழிலக்கிய மாணவர் அனைவரும் அறிந்திருக்கவேண்டியது இது. அவரது 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் உருவான சூழலில், 2020 மே 16இல் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். மாணவரிடையே தீவிரவாதத்தைப் போதித்தார் என்பதும், அவரது கவிதைகள் அதற்குச் சான்று என்பதும் அவர்மீதான சந்தேகங்களாகும். 2021 டிசம்பரிற் பிணை கிடைக்கும்வரை ஏறத்தாழ 19 மாதங்களை அவர் சிறையிற் கழித்தார். 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது.

இத்தொகுதியிலே வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கும் கவிதைகள் உள்ளன என்பது கைதுக்குப் பின்னர் மனித உரிமை அமைப்புக்களாலும் வாசகராலும் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டது. நான் கூறவிழைவது அதற்கு ஒருபடி முன்னருள்ளது. நூலின் தலைப்பையே பாருங்கள். சுவை ஒன்பது என வகுத்த மரபைத் தன் பெயரிலேயே தாங்கிய தொகுதி அது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்பர். வடமொழி மரபிற் சாந்தம் சேர்ந்து ஒன்பதாயிற்று. எவ்வாறு எண்ணினும் அச்சமும் வெகுளியும் அவ்வெண்ணிக்கையுள் அடங்கும். வெகுளியைப் பாடாத நவரசம் இல்லை. ஒன்பதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, அதனையே நூலின் எண்ணமாகவும், நூலின் எண்ணத்தையே ஆசிரியரின் எண்ணமாகவும், ஆசிரியரின் எண்ணத்தையே ஒரு சமூகத்தின் எண்ணமாகவும் விரித்துச் செல்வதே அரசின் வாசிப்பு. அதன் இறுதிப்படியிற் பேரினவாதம் தெளிவாகவே நிற்கின்றது: முஸ்லிம் ஒருவர் எழுதியமையாற் கோபம் தீவிரவாதமாயிற்று.

இம்முறையியலை எமது நவீன கவிதையின் சிறந்த ஆக்கமொன்றின்மீது பிரயோகித்துப் பார்க்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைப் பொருளாகக் கொண்ட எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' யாவரும் அறிந்தது. கவிதை ஒரு கனவாகச் சொல்லப்படுகின்றது. சிவில் உடை தரித்த அரச காவலரால் நூலகப் படிக்கட்டருகே புத்தர் சுடப்படுகின்றார். இரவிருளில் வரும் அமைச்சர்கள், தமது பட்டியலில் இப்பெயர் இல்லையே என்று வினவுகின்றனர். தடயத்தை மறைப்பதற்காக நூல்களோடு அவரது உடலும் எரிக்கப்பட, தம்மபதமும் சாம்பராகின்றது.

எட்டாம் பந்தியின் வாசகருக்கு இங்கே கிடைப்பவை எவை? புத்தரின் கொலை, எரிக்கப்படும் உடல், சாம்பரான மறைநூல், அரசின்மீது பழி. மத ஒற்றுமையின்மை உண்டு, கெட்டெண்ணம் உண்டு, கண்ணுக்குப் புலனாகும் உருக்களும் உண்டு. குற்றப்பத்திரிகை எழுதுவதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் கவிதையைக் கவிதையாக வாசிப்பவருக்கு அது சொல்வது இதற்கு நேர்மாறானது. புத்தரைக் கொன்றவர்கள் புத்தரின் பெயரால் ஆள்பவர்களே. புத்தர் இங்கே நூலகத்தின் பக்கத்தில், சுடப்பட்டவர்களின் பக்கத்தில் நிற்கின்றார். ஒரு தமிழ் முஸ்லிம் கவிஞன் பௌத்தத்தை அரசிடமிருந்து மீட்கும் ஆக்கம் அது. அமைச்சர்கள் குறிப்பிடும் பட்டியல் இக்கவிதையின் மிகக் கூரிய கண்டுபிடிப்பு எனலாம். கொல்லப்பட வேண்டியவர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. அதிற் பிழை நேர்ந்துவிட்டது என்பதே அவர்களது கவலை. அரசின் தர்க்கம் இரண்டொரு வரிகளில் இவ்வாறு அம்பலமாகின்றது. இதனைக் காண்பதற்குக் கூற்று, களன், காலம் ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது குற்றப்பத்திரிகையே.

இவ்வாசிப்பு முறையின் தோற்றம் எது? தமிழர் போராட்டத்தை ஒடுக்குவதற்காகவே இத்தகைய சட்டங்கள் பிறந்தன என்னும் கருத்து எம்மிடையே வேரூன்றியுள்ளது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆயின் அச்சட்டத்தின் மூதாதையை நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படும். 1937இல் மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர், தோட்டத் தொழிலாளர் சார்பாக மேடைகளிற் பேசியமைக்காக, அவரை நாடுகடத்தத் தேசாதிபதி கட்டளையிட்டார். நாட்டில் அத்தகைய அவசர நிலை எதுவும் இல்லையெனக் கண்ட உயர் நீதிமன்றம், சில வாரங்களுக்குள்ளேயே அவரை விடுவித்தது. பத்தாண்டுகளின் பின்னர், 1947 ஜூனில், இடதுசாரித் தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தத்தின்போது பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசர அவசரமாக நிறைவேற்றப்பட்டது. ஜூன் 5இல் வேலைநிறுத்தக்காரர் ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டனர். அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி கொல்லப்பட்டார். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராயிருந்து அவ்வேலைநிறுத்தத்தினாற் பதவி இழந்த ரீ. பி. இலங்கரத்ன, பின்னர் 'அம்ப யஹளுவோ' நாவலின் ஆசிரியராக அறியப்பட்டார், அமைச்சரும் ஆனார். சிங்கள, தமிழ் எழுதுவினைஞர் தோளோடு தோள் நின்ற ஊர்வலத்துக்கு எதிராகவே இந்நாட்டின் அவசரகாலச் சட்டம் பிறந்தது. 1953 ஹர்த்தாலிலும் அதுவே பயன்பட்டது. யாழ்ப்பாணத்திலும் 1966 ஒக்டோபர் 21இற் சாதியொடுக்குமுறைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பொலிஸாரின் தடியடியைச் சந்தித்தே முன்சென்றது. எமது முற்போக்கு இலக்கியத்தின் ஒரு பகுதி அத்தெருவிலிருந்தே எழுந்தது.

அடுத்த கட்டம் எமக்கு மேலும் கசப்பானது. 1971 ஏப்ரற் கிளர்ச்சியின் பின்னர், 1972இற் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் வந்தது. பொலிஸாரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் சான்றாக ஏற்கப்படும் என்பதைத் தெற்கின் சிங்கள இளைஞர்மீது முதன்முதலிற் பரந்த அளவிற் பரீட்சித்தது இச்சட்டமே. அதனை நிறைவேற்றிய ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அமர்ந்திருந்தன. 1947இல் எந்தக் கட்டளைச் சட்டத்துக்கு எதிராகத் தெருவில் நின்றார்களோ, அதன் வாரிசை ஆட்சியிலிருந்து ஆதரித்தார்கள். முற்போக்கு விமர்சகரிற் பலர் இக்காலப்பகுதியைத் தேசிய இலக்கியத்தின் வளர்ச்சிக் காலமாக மட்டுமே எழுதிச் செல்கின்றனர். இறக்குமதிக் கட்டுப்பாடு ஈழத்து நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் தந்த ஊக்கம் உண்மை. அதே ஆண்டுகளிற் சிறைக்கூடங்களில் நிகழ்ந்தவையும் உண்மை. முன்னதை மட்டும் சொல்வது வரலாற்றுப் பொருள்முதல்வாதமன்று. 1979இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் வடக்கை நோக்கித் தன் சட்டத்தை வரைந்தபோது ஒப்புதல் பற்றிய உத்தி முன்னரே ஆயத்தமாயிருந்தது.

தெற்கிலிருந்து வடக்கே சென்ற கருவி மீண்டும் தெற்கே திரும்பியதை 2022இற் கண்டோம். பொருளாதார நெருக்கடியினால் எழுந்த மக்கள் போராட்டம் ஏப்ரலிற் காலிமுகத்திடலை வந்தடைந்து, ஜூலையில் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டு ஓடச்செய்தது. ஜூலை 22 அதிகாலையில் இராணுவம் அத்திடலுக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 18இல், அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே உள்ளிட்டோர் கைதுசெய்யப்பட்டு, மூவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். 2023 ஜனவரி 31இற் கொழும்புப் பிரதம நீதவான் அவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். 2022 ஜூலையிற் பதில் ஜனாதிபதி பிரகடனப்படுத்திய அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியதென 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. 1937இற் சில வாரங்களிற் கிடைத்த விடைக்கு இம்முறை மூன்றாண்டுகள் தேவைப்பட்டன. இதற்கிடையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. அவ்வாண்டுத் தேர்தலிற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒழிப்பதாக வாக்குறுதியளித்த தேசிய மக்கள் சக்தி ஆட்சிக்கு வந்த பின்னரும், 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியதாகக் கூறப்பட்டு ஓர் இளைஞர் அதே சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். 1971இற் பாதிக்கப்பட்டவர்களின் கட்சியே அவ்வாட்சியின் மையமாயிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவை யாவும் முதலாளித்துவ ஜனநாயகத்தின் உரிமைகளே, இவற்றிற்காக மார்க்சியவாதி ஏன் கவலைகொள்ள வேண்டும் என்னும் வினா எமது வட்டாரங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. மார்க்ஸின் தொடக்ககால எழுத்துக்களைக் கல்லாதோரே இதனை எழுப்புவர். 1842இன் தொடக்கத்தில் மார்க்ஸ் எழுதிய முதல் அரசியற் கட்டுரையே பிரஷ்யத் தணிக்கை அறிவுறுத்தல் பற்றியதாகும். அவ்வறிவுறுத்தல் முன்னைய தணிக்கையைத் தளர்த்துவதாகக் கூறிக்கொண்டு வந்தது. தாராளவாதிகள் அதனை வரவேற்றனர். மார்க்ஸ் அதனை வரிவரியாக வாசித்தார். செயலையன்றி மனச்சார்பைத் தண்டிக்கும் சட்டம் சட்டமே ஆகாது என்பது அவரது வாதத்தின் சாரம். எழுத்தாளன் என்ன செய்தான் என்பதை விட்டு என்ன நினைக்கின்றான் என்பதைத் துருவும்போது, தணிக்கையாளனின் ஐயமே சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. மறு ஆண்டில் அவர் ஆசிரியராயிருந்த 'ரைனிஷ் சைத்துங்' பத்திரிகை மூடப்பட்டது. 1723ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கறுப்புச் சட்டத்தை ஆராய்ந்து 1975இல் ஈ. பி. தொம்சன் வெளியிட்ட நூலும் இங்கு நினைவுகூரத்தக்கது. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்பதை ஆவணங்களால் நிறுவிய அவரே, அதிகாரத்திற்குச் சட்டம் இடும் வரம்பு மனிதகுலத்துக்கு உண்மையான நன்மை என்று முடித்தார். மார்க்சியர் பலர் அதனை ஏற்கவில்லை. தடுப்புக்காவல் கட்டளையை மூன்று மாதங்களுக்கொருமுறை எதிர்நோக்கிய ஒருவரிடம் கேட்டால், தொம்சனின் பக்கமே நிற்பார் என நான் எண்ணுகிறேன்.

மார்க்ஸின் அக்கட்டுரை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தை வாசிப்பதற்கும் உதவும். அத்திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. வெளியீடுகளைத் தடைசெய்வது பற்றிய 14ஆம் பிரிவை நீக்கியது. பத்திரிகையாளர் சிலர் மகிழ்ந்தனர். எட்டாம் பந்தியை அது தொடவில்லை. நூலைத் தடைசெய்யும் அதிகாரம் போயிற்று. நூலாசிரியனை அடைக்கும் அதிகாரம் இருந்தது.

இங்கே எமது வாசகர் சமூகத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். திசைநாயகத்துக்காகத் தமிழர் பேசினர். சத்குமாரவுக்காகச் சிங்கள எழுத்தாளர் பேசினர். அஹ்னாபுக்காக முஸ்லிம்களும் மனித உரிமையாளரும் பேசினர். விதிவிலக்குகள் உண்டு, அவை விதிவிலக்குகளாகவே இருந்தன. ஒவ்வொரு சமூகமும் தன் சிறைக்கைதியை மட்டும் வாசிக்கும்வரை, சட்டத்தின் வாசிப்பு முறை முழுமையாகப் புலப்படாது. ஏனெனில் மூன்று வழக்குகளையும் அருகருகே வைக்கும்போதுதான் அவற்றின் பொது இலக்கணம் தெரிகின்றது.

தமிழ்த்துறைகள் இதிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்ப் பனுவல் ஒன்று நீதிமன்றத்திற் சான்றாக வைக்கப்படும்போது, அது எவ்வாறு மொழிபெயர்க்கப்பட்டது, எப்பகுதிகள் தெரியப்பட்டன, பேசுபவர் யார் என்பன பற்றித் துறைசார் அறிக்கையொன்றை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளுக்கு எழுதித் தருவதற்கு ஒரு சிறு குழு போதுமானது. வெளியாரின் நிதியோ அனுமதியோ அதற்கு வேண்டியதில்லை. கூற்றும் கேட்போரும் முன்னமும் கற்ற மூன்றாம் வருட மாணவர் ஒருவர், 'நவரசம்' பற்றிய அத்தகைய அறிக்கையின் முதல் வரைவை ஒரு வாரத்தில் எழுதி முடித்திருப்பார்.